ஆட்சேபணை இல்லை

ரோண்டா காசுலிஸ் மடக்கு நாற்காலிகளை இரண்டு கக்கத்திலும் இடுக்கிக்கொண்டு கூட்ட அறைக்குள் ஓடினாள். மூன்றாவது மாடியில் கேட்டு வாங்கிய நாற்காலிகள். போட்டிருந்தவை நிரம்பிவிட்டன, சுவரோரம் ஆட்கள் நின்றார்கள். ஒரு விதியின் வரைவைப் பற்றிப் பேச வந்து ஜனங்கள் நிற்பதை அவள் தன் உத்தியோகத்தில் பார்த்ததில்லை. வழக்கமாக முதலாளிகள் சங்கத்தின் பென்னட் க்ரௌச் வருவான். சங்கத்தின் கருத்தைப் படிப்பான். காபி சரியில்லை என்று சொல்லிவிட்டுப் போவான். இன்று அவனுக்கே இடமில்லை.

"டிக்கெட் போட்டு வித்திருக்கலாம், ரோண்டா," என்று அவளிடமிருந்து ஒரு நாற்காலியை உருவிக்கொண்டான்.

ஸ்பிரிங்ஃபீல்டில் மாநில அரசின் துறையொன்றில் விதி எழுதுவது ரோண்டாவின் வேலை. சட்டமன்றம் சட்டம் போடும். நுணுக்கங்களைத் துறையே விதியாக எழுதிக்கொள்ளட்டும் என்று விட்டுவிடும். வியாழக்கிழமைகளில் தன்னோடு, பந்தை உருட்டிக் கட்டை சாய்க்கும் பௌலிங் ஆடுகிற சிநேகிதிகள், நீ என்னதான் செய்கிறாய் என்று ஒருமுறை கேட்டார்கள். "ஷூ இல்லாம உள்ள வரக்கூடாதுன்னு அவங்க சட்டம் போடுவாங்க. எது ஷூன்னு நான் எழுதுவேன்," என்றாள். அதற்கப்புறம் யாரும் கேட்கவில்லை.

இந்த முறை வந்த சட்டம் சின்னது. ஆளெடுக்கச் செயற்கை நுண்ணறிவைப் பயன்படுத்துகிற முதலாளி, வேலை கேட்டு வருகிறவரிடம் அதைத் தெரிவிக்க வேண்டும். எப்போது, எந்த விதமாகத் தெரிவிப்பது என்பதைத் துறை விதி எழுதிச் சொல்லலாம். கொடுத்த அதிகாரம் அவ்வளவுதான். ரோண்டா குளிர்காலம் பூராவும் எழுதினாள். விண்ணப்பத்தின் முதல் பக்கத்தில், படிக்கக்கூடிய அளவு எழுத்தில் இருக்க வேண்டும் என்று எழுதினாள். அவளுக்கே பிடித்துப்போயிற்று. அதுதான் பயமாகவும் இருந்தது. முன்பு அப்படிப் பிடித்துப்போன ஒரு வரைவில், சட்டம் கொடுக்காத கட்டளை ஒன்றைச் சேர்த்துவிட்டாள். விதிகளைச் சரிபார்க்கும் சட்டமன்றக் குழு, அந்த ஒரு வாக்கியத்துக்காக விதி முழுவதையும் நிறுத்திப்போட்டது. அன்றிலிருந்து க்ரௌச்சுக்கு அவள் வேலிதாண்டி.

டெகேட்டரிலிருந்து வந்திருந்த யோலாண்டா பீஸ்லி மைக்கின் முன்னால் வந்து நின்றாள். கிடங்கில் வேலைக்கு முயன்றவள். முதல் பக்கம் என்று வரைவில் போட்டிருக்கிறதே, எந்தப் பக்கம் என்று கேட்டாள்.

"பக்கமே கெடையாது மேடம். ஃபோன்தான். டீனான்னு ஒரு பொண்ணு பேசிச்சு, நல்லா சிரிச்சு சிரிச்சு. நடுவுல ஏன் வேலைல இல்லன்னு கேட்டுச்சு. எங்கம்மாவுக்கு முடியாம இருந்தது, பாத்துக்கிட்டேன்னு எல்லாத்தையும் கொட்டிட்டேன். வேலை வரல. அப்புறம் எங்க அத்தை பொண்ணு பேசினா, ஸ்பீக்கர்ல போட்டுட்டு. அதே டீனா. அதே எடத்துல அதே சிரிப்பு."

பின்வரிசையில் யாரோ சிரித்துவிட்டு நிறுத்திக்கொண்டார்கள்.

"உங்க விதி எனக்கு என்ன செய்யும்?"

ஒன்றும் செய்யாது. ரோண்டாவுக்கு அது உடனே தெரிந்தது. குளிர்காலம் பூராவும் அவள் மனதில் இருந்த ஆள் திரைக்கு முன்னால் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தார். ஃபோனைக் காதில் வைத்துக்கொண்டு யாரும் இல்லை. வரைவின் ஓரத்தில் 'ஃபோன்' என்று எழுதிக்கொண்டாள். வரைவு இன்னும் வரைவுதான். ஜனங்கள் சொல்வதைக் கேட்டு அதை மாற்றலாம்; இந்தக் கருத்துக்கேட்புக் கூட்டமே அதற்குத்தான். இத்தனை காலத்தில் அப்படி மாற்றத்தக்க ஒன்றை யாரும் அவள் கையில் கொண்டுவந்து கொடுத்ததில்லை.

பிறகு எழுந்தவர்கள் எல்லாரும் ஒன்றையே கேட்டார்கள். மனிதரோடு பேச வேண்டும் என்றால் மனிதரைக் கொடுக்க வேண்டும். அறை கைதட்டியது. கூட்டத்தை நடத்துகிறவள் தட்டக்கூடாது என்பதால் ரோண்டா பேனாவைப் பிடித்துக்கொண்டாள்.

மதியம் தன் மேலதிகாரி டேரல் ஹோல்முடன் எதிர்த்தெருக் கடையில் ஒரு ஹார்ஸ்ஷூவை, இறைச்சியும் வறுவலும் சீஸும் குவித்த அந்த ஊர் சாண்ட்விச்சை, பங்கு போட்டுக்கொண்டாள். அவன் தின்றான், அவள் சீஸ் சொட்டும் வறுவலை ஆட்டி ஆட்டிப் பேசினாள். இரண்டு வாக்கியம் சேர்க்க வேண்டும். குரலில் பேசும் இயந்திரம் முதல் கேள்விக்கு முன்பே, தான் பேசுகிற அதே மொழியில், தான் இயந்திரம் என்று சொல்லிவிட வேண்டும். இது ஒன்று. கேட்டால் மனிதரைக் கொடுக்க வேண்டும். இது இன்னொன்று.

"மொதல்து பிரமாதம்," என்றான் டேரல். "ரெண்டாவது?"

"அது வேணும், டேரல்."

"எனக்கும் வேணும். அத எழுதற அதிகாரத்த நமக்கு யாரு குடுத்தா?"

அவள் வறுவலைக் கீழே வைத்தாள். எப்படித் தெரிவிப்பது என்று சொல்லத்தான் சட்டம் விட்டிருந்தது, எப்படி ஆளெடுப்பது என்று சொல்ல அல்ல. இரண்டையும் சேர்த்து அனுப்பினால் குழு இரண்டையும் நிறுத்தும். புத்தாண்டில் சட்டம் விதியில்லாமல் அமலுக்கு வரும். டீனா அதே இடத்தில் சிரித்துக்கொண்டிருப்பாள்.

சாப்பாட்டு மேசையிலேயே இரண்டாவதை அடித்துவிட்டாள். அலுவலகத்துக்குத் திரும்பியதும் யோலாண்டாவை அழைத்தாள். அப்படி அழைக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. மனிதரைக் கொடு என்று தன்னால் எழுத முடியாது, அதைச் சட்டமன்றத்தில்தான் போய்க் கேட்க வேண்டும் என்று சொன்னாள். இயந்திரம் முன்கூட்டியே சொல்ல வேண்டும் என்பதை மட்டும் எழுதலாம்.



"அத சொல்லியிருந்தா," என்றாள் யோலாண்டா, "எங்கம்மாவ பத்தி வாயத் தொறந்திருக்க மாட்டேன்."

குழு கூடியது இலையுதிர்காலத்தில். அங்கே யாரும் ஒரு விதியைப் புகழ்வதில்லை. செயலர் விதியின் பெயரைப் படிப்பார். உறுப்பினர்கள் வாயைத் திறக்காமல் இருந்தால் விதி பிழைத்தது. ரோண்டா முன்வரிசை மேசையில் டேரலின் பக்கத்தில் உட்கார்ந்து அந்த மௌனத்துக்காகக் காத்திருந்தாள். செயலர் பெயரைப் படித்தார். ஓர் உறுப்பினரின் கை மைக்கின் பக்கம் நீண்டது. தண்ணீரை எடுத்துக் குடித்தார். ரோண்டா மூச்சு விட்டாள். தண்ணீரை வைத்துவிட்டு அவர் மைக்கையும் ஆன் செய்தார்.

இயந்திரம் என்று சொல்லிவிடுவதைத் தவிர முதலாளி வேறு எதையாவது செய்தாக வேண்டுமா என்று கேட்டார்.

"இல்லீங்க," என்றாள் ரோண்டா. "சொல்லணும். மொதல் கேள்விக்கு முன்னாடி சொல்லணும். அவ்வளவுதான்."

அவர் தாளைப் புரட்டினார். பின்னாலிருந்த க்ரௌச் பக்கம் பார்த்தார். க்ரௌச் தன் டையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அறையில் வெப்பக்குழாய் தட்டுகிற சத்தம் கேட்டது.

"ஆட்சேபணை இல்லை," என்றார் தலைவர். அடுத்தது, முடிதிருத்துவோர் உரிமம்.

மேசைக்கடியில் ரோண்டா டேரலின் முழங்காலைப் பிடித்து நசுக்கினாள். அவன் முகத்தை அசைக்காமல் வலியைத் தாங்கினான். இருவரும் வெளித் தாழ்வாரம் வரை அரசு ஊழியர்களாக நடந்தார்கள். கதவு மூடியதும் அவள் தன் கோப்பைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு ஒரு சுற்று சுற்றினாள். காவலாளி பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டான்.

க்ரௌச் பின்னாலேயே வந்தான். "வேலிக்குள்ளயே நின்னுட்ட போலிருக்கு."

"ஒட்டி நின்னேன், பென்னட். இடிச்சுக்கிட்டு."

"டீனா சிரிக்கலாமா?"

"தாராளமா. சொன்னதுக்கப்புறம்."

மறுநாள் மழை பெய்தது. ரோண்டா விதியைப் பிரசுரத்துக்கு அனுப்பினாள். டேரல் பல் வைத்தியரிடம் போயிருந்தான். அன்று வாங்கிய நாற்காலிகளை மூன்றாவது மாடியிலிருந்து இப்போதுதான் திருப்பிக் கேட்டார்கள், கொண்டுபோய்க் கொடுத்தாள். மதியம் லிஃப்ட் பரிசோதனைக் கட்டணம் பற்றிய கோப்பு வந்தது. வியாழக்கிழமையாதலால் சாயங்காலம் பௌலிங்குக்குப் போனாள். அங்கே யாரும் எதுவும் கேட்கவில்லை. ஷூவை மாற்றிக்கொண்டு ஆடினாள்.