கிள்ளாமல் விட்ட மொட்டு

என் அண்ணிக்குத் துணிக்கடையில் வேலை. புதிதாக வாங்கிய பேண்ட் நீளமாக இருந்தால் வெட்டித் தைத்துக் கொடுப்பாள். ஊரார் காலை வெட்டியது போதாதென்று, வீட்டுக்கு வந்ததும் செடிகளின் தலையில் கை வைப்பாள். வெயில் ஏறத் தொடங்கும் இந்தச் சமயத்தில்தான் டாலியாவும் சாமந்தியும் முழங்கால் உயரம் வந்து முதல் மொட்டு விடும். அண்ணி மொட்டோடு நுனியைக் கிள்ளி எறிந்துவிடுவாள். ஒரு நுனி போனால் பக்கத்தில் நாலு கிளை வெடிக்கும், கோடை முடியும்போது இலை தெரியாமல் பூக்கும் என்பது அவள் கணக்கு. அது ஒரு வருஷமும் தப்பியதில்லை. தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்துவிட்டுத்தான் போவார்கள். நானும் தொட்டி வாங்கி வைத்துப் பார்த்தேன். எனக்குக் கைராசியும் இல்லை, கிள்ள மனசும் வரவில்லை.

இந்த வருஷம் அம்மா படுத்த படுக்கையாகிவிட்டாள். இதயம் பலவீனம். அண்ணி கட்டிலைத் தோட்டத்து ஜன்னலோரம் இழுத்துப் போட்டாள். மாமியாரும் மருமகளும் பேச்சில் கீரியும் பாம்பும்தான். ஆனால் உடம்பு துடைத்துவிட, பெற்ற மகள் நான் போனால் அம்மாவுக்கு ஆகாது. அண்ணிதான் வர வேண்டும்.

"பாவி, பூக்க விடேன்டி. நான் கண்ண மூடுறதுக்குள்ள ஒரு பூவப் பாக்கணும்ல?"

"கோடை முடியட்டும் அத்தை. பாத்துப் பாத்து அலுத்துப் போவீங்க."

"அதுவரைக்கும் நான் இருக்க வேணாமா?"

"எங்க போயிடுவீங்க? அப்புறம் என்னை யாரு திட்டுறது?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சாகக் கிடக்கிறவளுக்கு ஒரு பூ காட்டினால் குடியா முழுகிவிடும்?

போன வாரம் டாக்டர் வீட்டுக்கு வந்தார். போகும்போது வாசலில் எங்கள் இருவரையும் நிறுத்தி, அம்மா இந்தக் கோடையைத் தாண்டுவது கஷ்டம் என்றார். அண்ணி தலையை மட்டும் ஆட்டினாள். மறுநாள் காலை எல்லாச் செடியையும் கிள்ளினாள். ஜன்னலுக்கு நேராக இருந்த டாலியாவை மட்டும் தொடாமல் தாண்டிப் போனாள். மனசுக்குள் அவளைக் கும்பிட்டேன்.

அம்மா அந்த மொட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அண்ணி மாத்திரையோடு உள்ளே வந்ததும் அம்மா கேட்டாள்.

"ஏம்மா, டாக்டர் என்ன சொன்னாரு?"

"நல்லா இருக்கீங்கன்னுதான் சொன்னாரு அத்தை."

"அப்ப அத ஏன் விட்டு வச்ச?"

அண்ணி நின்ற இடத்திலேயே அழுதுவிட்டாள். அவள் அழுது நான் பார்த்ததே இல்லை.

"அழாத. போய் அதையும் கிள்ளிட்டு வா," என்றாள் அம்மா. "கோடை முடியட்டும், பாத்துக்கலாம்."

அண்ணி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே போனாள். இரண்டு பேரில் யாருக்கு நெஞ்சுரம் அதிகம் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அண்ணி குனிந்து மொட்டில் கை வைத்தாள்.

"இன்னும் கொஞ்சம் கீழ கிள்ளு," என்று ஜன்னலிலிருந்து அதிகாரம் பண்ணினாள் அம்மா.