ஊடும் வீடும்

கணபதிப் பகுதியில் ஒரு லேத் பட்டறையில் வேலை செய்கிறேன். கம்ப்யூட்டர் மிஷினுக்கு மாற வேண்டுமானால் பத்தாவது தேறியிருக்க வேண்டும் என்றார் முதலாளி. நாற்பத்தாறு வயதில் தனித்தேர்வு எழுதினேன். கணக்கில்கூடத் தேறிவிட்டேன். தமிழில் தோற்றுப்போனேன்.

பட்டறையில் சிரித்தார்கள். "ஏனுங்ணா, இத்தன வருசமா எங்ககிட்டப் பேசுனது என்ன பாஷைங்க?" என்று ஒருவர் கேட்டார்.

மறுபடி எழுத வேண்டாம் என்றிருந்தேன். மனைவி விடவில்லை. அவள் பத்தாவது முடித்தவள். என்னை ஒரு கடிதம் எழுதச் சொல்லி வாங்கிப் பார்த்தாள்.

"ஏனுங்க, 'ஊட்டுக்கு வாரேன்'னு எழுதியிருக்கறீங்க. 'வேலைய முடிச்சுபோட்டேன்'னு வேற. பேசறாப்புலயே எழுதுனா மார்க் எப்படிங்க போடுவாங்க?"

அன்று முதல் எங்களுக்குள் புத்தகத் தமிழ்தான் என்று சொல்லிவிட்டாள். "குழம்பு இன்னும் சிறிது ஊற்றட்டுமா?" என்று கேட்பாள். நான் "ஊற்று, நன்றாக இருக்கிறது" என்று சரியாகச் சொல்லும்வரை கரண்டி அப்படியே நிற்கும். நாங்கள் சண்டை போட்டிருக்கிறோம் என்று பக்கத்து வீட்டில் நினைத்தார்கள்.

இரண்டாம் முறை தேறினேன். சான்றிதழை வாங்கிக்கொண்டு நேராக வீட்டுக்கு வந்தேன். வாசலில் நின்று, "உனக்கு மிகவும் நன்றி" என்றேன். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அந்தச் சொல்லை அவளிடம் சொன்னதில்லை.

அவள் சான்றிதழை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"பரீட்சைதான் முடிஞ்சுபோச்சுங்களே. ஊட்டுக்குள்ள வாங்க" என்றாள்.