நெருப்புக்குச்சிக் கோட்டையும் ஜாம் போத்தலும்

வரதராஜா ஆஸ்திரேலியாவின் நோபல் பார்க்குக்கு வந்த எழுபத்து நாலில், அங்கே தமிழ் கேட்க ஆசைப்பட்டால் தானே பேசித் தானே கேட்டுக்கொள்ள வேண்டும். மனைவி இரஞ்சிதம் யாழ்ப்பாணத்தில் விசாவுக்குக் காத்திருந்தாள். கிழமை நாட்களில் கார் தொழிற்சாலை. சனிக்கிழமைகளில், ரேடியோவில் கிரிக்கெட் ஓட, கராஜில் கோட்டை கட்டினார்.

நெருப்புக்குச்சிக் கோட்டைதான். அமெரிக்காவில், கான்சாஸ் எல்லையில், நூற்றிருபது வருஷத்துக்கு முந்தி அடிமை முறை வேண்டுமென்றவர்கள் உள்ளே இருக்க, வேண்டாமென்றவர்கள் பீரங்கியோடு வந்து பிடித்த சின்ன மரக்கோட்டை. நூலகப் புத்தகத்தில் படித்த நாளிலிருந்து மனுஷனுக்கு அதன்மேல் பித்து.

கூட விளையாட, அதே தொழிற்சாலையில் வெல்டிங் செய்த கேதீஸ்வரன் கிடைத்தான். தாயக்கட்டை உருட்டி, ஈயச் சிப்பாய்களை நகர்த்திச் சண்டை. விடுதலைப் படை எப்போதும் வரதராஜாவுக்கு. அடிமை முதலாளிகள் கேதீஸ்வரன் தலையில். சமத்துவம் பற்றி அரைமணிப் பிரசங்கம் இலவசம். இடையில் பூப்போட்ட கோப்பைகளில் தேநீர். இரண்டு வருஷம் ஒருவரையொருவர் ஊர் விசாரிக்கவே இல்லை. எதிரே இருப்பவன் தமிழ் பேசினாலே போதுமென்றிருந்த பொற்காலம் அது.

பிறகு இரஞ்சிதத்தின் கடிதம் வந்தது: வீட்டுக்கு வந்துபோற பெடியன் ஊரில எவடம்? சாதியைக் கேட்காமல் கேட்க யாழ்ப்பாணத்தார் கண்டுபிடித்த கேள்வி. கட்டையை உருட்டியபடியே வரதராஜா அதைக் கேட்டார். குளத்துக்கு அங்காலை என்றான் கேதீஸ்வரன். அவனும் அதே ஊர்தான்; குளத்துக்கு அந்தப் பக்கம் ஊர் ஒதுக்கிவைத்த சாதியார் இருப்பது. அதில் எல்லாம் வந்துவிட்டது.

வரதராஜா தேநீர் ஊற்றப் போனார். கை பூக்கோப்பையைத் தாண்டிப் போய், கழுவி வைத்த ஜாம் போத்தலை எடுத்தது. ஊர்த் தேநீர்க் கடைகளில் கேதீஸ்வரனின் ஆட்களுக்குப் போத்தலில்தான் கொடுப்பார்கள். மூளை கான்சாஸில் இருந்தது. கை இன்னும் ஊரைவிட்டுக் கப்பலேறவில்லை.

கேதீஸ்வரன் போத்தலைப் பார்த்தான். தொடவில்லை.

“அண்ணை, இண்டைக்கு நான் வெளியில நிண்டு அடிக்கிறன். நீங்கள் உள்ளுக்கு நில்லுங்கோ.”

கால்மணி நேரத்தில் கோட்டை விழுந்தது. போட்டு வாறன் என்று போனவன் அடுத்த சனி வரவில்லை. அதற்கடுத்த சனியும் இல்லை. தொழிற்சாலையில் கண்டால் மரியாதையாகத் தலையசைத்தான். அந்த மரியாதையைத்தான் வரதராஜாவால் தாங்க முடியவில்லை.

மூன்றாம் சனி ரயிலேறி, பக்கத்து ஊரான டண்டினாங்கில் அவன் அறைக்குப் போனார். வழி முழுக்க மன்னிப்பைத் தமிழிலும் இங்கிலீசிலும் ஒத்திகை பார்த்தார். கதவு திறந்ததும் இரண்டு பாஷையும் கைவிட்டன.

“பசிக்குது. என்ன சமைச்சனீர்?”

ஊரில் அவர் குடும்பத்தில் ஒருவரும் குளத்துக்கு அங்காலை தண்ணீர்கூட வாங்கிக் குடித்ததில்லை. கேதீஸ்வரன் கதவை அகலத் திறந்தான். பிறகு குசினிக்குள் கூட்டிப்போய் ஒரு கதிரையை இழுத்துப் போட்டான். சோறும் ஆட்டிறைச்சிக் குழம்பும். வரதராஜா வழித்துச் சாப்பிட்டார். உப்புக் கொஞ்சம் கூடிப்போச்சு என்று குறையும் சொன்னார்.

“இதுதான் எங்கட வீட்டு அளவு அண்ணை,” என்று கேதீஸ்வரன் இன்னொரு கரண்டி போட்டான்.