மேட்சைப் பார்க்காமல் இருக்க பீன்யா போனேன்

ஊர் பார்க்கப் போகிறவர்கள் பயணக் கட்டுரை எழுதுவார்கள். நான் ஒன்றைப் பார்க்காமல் இருப்பதற்காகப் பயணம் போனவன். ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் இரண்டரை மணிக்குப் பெங்களூரு அல்சூர் மெட்ரோ நிலையத்தில் என்னை வழியனுப்ப மூன்று பேர் வந்திருந்தார்கள். துபாய்க்கு வேலைக்குப் போகிறவனுக்குக்கூட எங்கள் மர்பி டவுனில் ஒரே ஆள்தான் வருவான், அதுவும் பெட்டி தூக்க. மூன்று பேர் வந்திருக்கிறார்களே என்று நெகிழ்ந்துபோய்க் கையசைத்தேன். பிறகுதான் புரிந்தது, நான் உண்மையிலேயே வண்டி ஏறுகிறேனா என்று பார்க்க வந்திருந்தார்கள்.

காரணம் இது. மர்பி டவுன் மின்னல் என்பது எங்கள் கால்பந்து அணி. பெயர் வைத்த புண்ணியவான் இப்போது இல்லை, இருந்தால் கேட்கலாம். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு பெரிய அணியைக் கொட்டும் மழையில் தோற்கடித்தோம். அன்று எங்கள் ஆள் அடித்த பந்து சேற்றில் பாதி வழியில் நின்றுவிட்டது. அது வந்து சேரும் என்று எதிரணி கோல்கீப்பர் நம்பிக் காத்திருந்தார். எங்கள் ஆள் நிதானமாக நடந்துபோய் இன்னொரு உதை கொடுத்தார். அந்த ஒரு கோலைப் பற்றி மர்பி டவுனில் இன்றுவரை பேசுகிறோம், ஏனென்றால் அதற்குப் பிறகு பேசும்படி எதுவும் நடக்கவில்லை.

இந்த வருஷம் நிலைமை முற்றிவிட்டது. கடைசி ஆட்டம் ஈஜிபுரா அணியுடன். ஜெயித்தாலோ டிரா செய்தாலோ எங்கள் டிவிஷனிலேயே இருப்போம். தோற்றால் நாங்கள் கீழே, அவர்கள் தப்பிப்பார்கள்; இல்லையென்றால் அவர்கள் கீழே. கீழே போவது எங்களுக்குப் பெரிய அவமானமில்லை, பழக்கம்தான். ஆனால் ஜெர்சி, ஷூ, மைதானக் கட்டணம் எல்லாவற்றுக்கும் பணம் தரும் ஹார்டுவேர் கடைக்காரர் தெளிவாகச் சொல்லிவிட்டார்: கீழே இறங்கினால் அவர் கால்பந்தை விட்டுவிட்டுக் கிரிக்கெட் டீம் ஆரம்பித்துவிடுவார். மர்பி டவுனில் மின்னல் இல்லாமல் கிரிக்கெட்!

இதில் நான் எங்கே வருகிறேன் என்றால், நான்தான் காரணமாம். இந்த சீசனில் மின்னல் ஜெயித்தது இரண்டே முறை. முதல் முறை நான் ஆம்பூரில் சகலை மகளின் காதுகுத்துப் பந்தியில் உட்கார்ந்திருந்தேன். இரண்டாவது முறை மைதானத்தில்தான் இருந்தேன், ஆனால் இரண்டு கோல் விழுந்தபோதும் கழிப்பறை வரிசையில் நின்றிருந்தேன். மற்ற ஆட்டங்களில் இரண்டைத் தவிர எல்லாவற்றுக்கும் நேரில் போய், தொண்டை கிழியக் கத்தி, தோற்க வைத்தேன். ஒரு முறை சோதனைக்காக மைதானச் சுவருக்கு வெளியே கரும்புச் சாறு வண்டியருகே நிறுத்தினார்கள். சுழியத்துக்கு இரண்டு. இன்னொரு முறை வீட்டிலேயே இருந்து யாரோ போனில் போட்ட நேரலையைப் பார்த்தேன். சுழியத்துக்கு மூன்று.

கடைசி ஆட்டத்துக்கு முந்தின நாள் செல்வராஜின் ஜெராக்ஸ் கடையில் கூட்டம். செல்வராஜ் கிளப்பின் செயலாளர், என்னோடு ஒன்றாம் வகுப்பிலிருந்து படித்தவன்.

"மச்சி, தப்பா நெனச்சுக்காத," என்றான். "உன்மேல எல்லாருக்கும் மருவாத இருக்கு. நீ கொஞ்சம் தூரமா இருந்தா இன்னும் ஜாஸ்தியா வரும்."

"எவ்ளோ தூரம்?"

"பீன்யா. ஞாயித்துக்கெழம ஃபேக்டரியெல்லாம் மூடி, அங்க காக்காகூட வராது. போன் பாக்கக்கூடாது. முடிஞ்சதும் நானே கூப்புடுறேன்."

எனக்கு இந்த ராசி, சகுனம் இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. ஆனால் அதை நிரூபிக்க மின்னலைப் பணயம் வைக்கும் அளவுக்குப் பகுத்தறிவும் கிடையாது. சரி என்றேன். மின்னலின் பச்சை ஜெர்சியை உள்ளே போட்டு, மேலே முழுக்கைச் சட்டையைப் பொத்தான் போட்டுக் கொண்டு கிளம்பினேன்.

பீன்யா இண்டஸ்ட்ரி நிலையத்துக்கு எழுபது ரூபாய், மெஜஸ்டிக்கில் வண்டி மாற வேண்டும். டிரினிட்டி, எம்.ஜி. ரோடு வரை மரங்களின் தலைக்கு மேலே போகிற ரயில், கப்பன் பார்க்கில் மண்ணுக்குள் இறங்குகிறது. எம்.ஜி. ரோட்டில் மைதானம் இருக்கும் பக்கம் திரும்பிப் பார்க்கலாமா என்று ஒரு நப்பாசை வந்தது. பார்வையும் கணக்கில் சேருமோ என்று பயந்து, எதிரே உட்கார்ந்திருந்த குழந்தையின் ஷூவைப் பார்த்துக்கொண்டே வந்தேன். குழந்தையின் அம்மா அதன் காலை உள்ளே இழுத்துக்கொண்டார்.

மெஜஸ்டிக்கில் பாதி பெங்களூரு ஏறுகிறது, மீதி பாதி இறங்குகிறது, நடுவில் நான். பச்சை வழித்தட ரயில் ஸ்ரீராம்புரா தாண்டி, யஷ்வந்தபுரத்தில் கூட்டத்தைக் கொட்டிவிட்டு, கொரகுண்டெபாளையாவில் மேம்பாலத்துக்குத் தோள் கொடுத்து ஓடுகிறது. பிறகு தகரக் கூரைகள், புகைபோக்கிகள், மூடிய ஷட்டர்கள். மூன்றேகாலுக்கு இறங்கினேன். வேலை நாளில் ஆயிரக்கணக்கான நம்மவர்கள் ஷிப்டுக்கு ஓடுகிற தெரு, ஈ காக்கை இல்லாமல் கிடந்தது. செல்வராஜ் சொன்னது உண்மைதான்.

நிலையத்திலிருந்து கால் கிலோமீட்டரில் ஒரே ஒரு ஓட்டல் திறந்திருந்தது. நின்றுகொண்டு சாப்பிடும் கடையில்லை, நாற்காலி போட்டிருந்தார்கள். காபி இருபது ரூபாய், உளுந்து வடை முப்பது. ஒரு மேசையில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் மட்டும் தனியாக உட்கார்ந்திருந்தார். அவருடைய போன் மேசைமேல் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. வியர்வையைத் துடைக்க அவர் சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றியபோது உள்ளே ஆரஞ்சு நிறம் தெரிந்தது.

ஈஜிபுரா அணியின் ஜெர்சி ஆரஞ்சு.

அவரும் என் கழுத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். நடந்த அவசரத்தில் என் பச்சை காலர் எப்போதோ வெளியே வந்துவிட்டிருந்தது.

"உங்களையும் தொரத்தி விட்டாங்களா சார்?" என்று கேட்டார்.

பெயர் முனிராஜு. ஈஜிபுராவில் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறார். அவர் போனால் அவர்கள் அணி தோற்கும், ஏழு வருஷமாக இதுதான் நிலவரம். "நான் சும்னே, ஒண்ணும் பண்ணாம கேட்ல நின்னாக்கூட பெனால்ட்டி மிஸ் ஆவுது சார். பேஜாராப் பூடுச்சு," என்றார். பெங்களூரில் இத்தனை இடம் இருக்க, இரண்டு கிளப்பும் பீன்யாவைத் தேர்ந்தெடுத்திருக்கின்றன. ராசியில்லாதவர்களைக் கொட்டுவதற்கென்று நகரத்தில் ஒரு இடம் வேண்டாமா?

அவர் எதிரிலேயே உட்கார்ந்தேன். இப்போது யோசித்துப் பாருங்கள். அவர் மைதானத்துக்குப் போனால் மின்னல் பிழைக்கும். நான் போனால் ஈஜிபுரா பிழைக்கும். இதை நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் கண்டுபிடித்தோம்.

"சார், இப்ப கெளம்புனா செகண்ட் ஆஃப் பாத்துரலாம்," என்றார் அன்பாக. "டிக்கெட் நான் எடுத்துத் தரேன்."

"நீங்க டிரைவர். ஆட்டோ பிடிச்சா எனக்கு முன்னாடியே போயிடுவீங்க," என்றேன் அதைவிட அன்பாக. "ஆட்டோ காசு என்னுது."

"எனக்கு முட்டி வலி சார். நீங்க வயசுல சின்னவரு."

"ஸ்கோர் என்ன ஆச்சோ தெரியல. சும்மா ஒரு தடவ போனைத் திருப்பிப் பாருங்களேன்."

"கண்ணாடி கொண்டார்ல சார். நீங்க பாத்துச் சொல்லுங்க."

இருவரும் சிரித்துவிட்டோம். இரண்டு போனும் கவிழ்ந்தபடியே கிடந்தன. அவருக்கு வடை நான் சொன்னேன், எனக்குக் காபி அவர் சொன்னார். அதன் பிறகு பேச்சு மழை, பள்ளிக் கட்டணம், சில்க் போர்டு டிராபிக் என்று நாகரிகமாகப் போனது.

நாலரைக்கு மழை பிடித்தது. தகரக் கூரைகள் எல்லாம் சேர்ந்து கைதட்டின. பரிமாறுகிறவர் கிருஷ்ணகிரிக்காரர், எங்கள் மேசையை மூன்றாம் முறையாகத் துடைத்துவிட்டு இரண்டு போனையும் பார்த்தார்.

"ஆஸ்பத்திரி விஷயமாண்ணா? டெலிவரியா?"

விளக்கிச் சொன்னால் வெளியே துரத்தியிருப்பார். "ஆமாம்பா," என்றேன்.

"ஒண்ணும் ஆகாதுண்ணா. நல்லபடியாப் பொறக்கும்."

ஐந்தரை. ஆட்டம் முடிந்திருக்க வேண்டும். "ஜெயிச்சவன்தான் சார் மொதல்ல கூப்புடுவான்," என்றார் முனிராஜு. "தோத்தவன் போனை எடுக்கவே அரை மணி ஆவும்." அது எனக்கும் தெரிந்த நியாயம்தான். இருவரும் இரண்டு போனையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

என்னுடையது அதிர்ந்தது. முனிராஜு கண்ணை மூடிக்கொண்டார். நான் எடுத்தேன்.

"எங்க இருக்கீங்க?" என் மனைவி சுமதி. "வரும்போது கொத்தமல்லி வாங்கிட்டு வாங்க."

போனை மறுபடி கவிழ்த்தேன். முனிராஜு கண்ணைத் திறந்து, விஷயத்தைக் கேட்டு, ஒரு டம்ளர் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தார்.

இன்னும் பத்து நிமிஷம் போனது. "ரெண்டு பேர்ல ஒருத்தராவது கூப்பிடணுமே. ரெண்டு டீமும் தோக்க முடியாது இல்ல?" என்றேன்.

"நம்ம ரெண்டு டீமுக்கும் முடியும் சார்," என்றார்.

அப்போது அவருடைய போன் அடித்தது.

அவரைக் கூப்பிடுகிறார்கள் என்றால் அவர்கள் ஜெயித்துவிட்டார்கள். ஹார்டுவேர் கடைக்காரர் கையில் கிரிக்கெட் மட்டை தெரிந்தது. முனிராஜு முகத்தில் எதுவும் காட்டாமல் "ம்... ம்... ஆவட்டும்... ம்" என்று கேட்டுக்கொண்டார். பேசி முடித்துப் போனை வைத்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். தோள் குலுங்கச் சிரித்தார். முடிந்தது நம் கதை என்று நினைத்துக் கையை நீட்டினேன், வாழ்த்துச் சொல்ல.

"டிரா சார். ஒண்ணுக்கு ஒண்ணு. நாங்க எறங்கிட்டோம்."

எனக்குப் புரியவே சற்று நேரம் ஆனது. புரிந்ததும் இந்த சீசன் முழுக்க உள்ளே பிடித்து வைத்திருந்த மூச்சு மொத்தமாக வெளியே வந்தது. மேசையிலிருந்த டிஷ்யூ காகிதம் பறந்தது. மின்னல் பிழைத்தது! ஆனால் எதிரே இறங்கிப்போனவர் உட்கார்ந்திருக்கிறாரே என்று முகத்தைத் துக்கமாக வைத்துக்கொள்ளப் பார்த்தேன். வரவில்லை. அவர் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார்.

"எறங்கிட்டோம்னு சொல்றீங்க, அப்புறம் ஏன் சிரிக்கிறீங்க?"

"சார், நான் போவவே இல்ல. நான் இல்லாமயே ஊத்திக்கிச்சு. அப்டீன்னா நான் காரணம் இல்ல!" மேசையில் ஒரு தட்டுத் தட்டினார். "ஏழு வருஷம் சார்! அடுத்த சீசன் மொத மேட்ச்சு, மொத ஆளா நான்தான் கேட்ல நிப்பேன். கீழ் டிவிஷன்னா என்ன, பந்து அதே பந்துதான?"

நான் அதை அந்தக் கோணத்தில் யோசிக்கவில்லை. அவர் குற்றமற்றவராகிவிட்டார். நான் இல்லாததால் மின்னல் பிழைத்துவிட்டது. அப்படியானால் நான்?

என் முகத்தைப் பார்த்து அவருக்கும் புரிந்துவிட்டது. "உங்க கேஸு கன்ஃபர்ம் ஆயிடுச்சு சார்," என்றார் மெதுவாக, ஆஸ்பத்திரி டாக்டரைப் போல.

கிருஷ்ணகிரிக்காரர் ஓடி வந்தார். "என்னண்ணா, என்ன பொறந்துச்சு?"

"ஒண்ணுக்கு ஒண்ணு," என்றார் முனிராஜு.

"ரெட்டையா!" என்று பூரித்து, கடைக் கணக்கில் இரண்டு கேசரி பாத் கொண்டுவந்து வைத்தார். நாங்கள் கொஞ்சமும் கூச்சமில்லாமல் சாப்பிட்டோம். என் பங்கு சற்று அதிகமாகவே இனித்தது.

செல்வராஜ் ஆறு மணிக்குக் கூப்பிட்டான். மழையில் ஆடிக்கொண்டிருந்ததில் என்னை மறந்தே போய்விட்டார்களாம். எண்பதாவது நிமிஷம் வரை பின்தங்கியிருந்திருக்கிறோம். கார்னரிலிருந்து வந்த பந்து, கோலுக்கு முதுகைத் திருப்பி யாருடனோ சண்டை போட்டுக்கொண்டிருந்த எங்கள் ஸ்ட்ரைக்கரின் முதுகில் பட்டு உள்ளே போயிருக்கிறது. சீசன் முழுக்கக் காலால் முடியாதது முதுகால் முடிந்தது.

திரும்பும் வழியில் முனிராஜுவும் நானும் ஒரே ரயிலில் வந்தோம். மழை கழுவிய பீன்யா பின்னால் போனது. இப்போது ஜன்னலில் எதையும் பார்க்க எனக்குப் பயமில்லை, எல்லாவற்றையும் பார்த்தேன். எம்.ஜி. ரோட்டில் மைதானத்துப் பக்கம் திரும்பி ஒரு கும்பிடுகூடப் போட்டேன். முனிராஜு டிரினிட்டியில் இறங்க எழுந்தார், அங்கிருந்து பஸ் பிடிப்பார்.

"சார், உங்க டீமு மேட்ச்சுக்குத்தான் உங்கள விட மாட்டாங்க. எங்க மேட்ச்சுக்கு வாங்க. கண்டிப்பா வரணும்."

இவ்வளவு நல்ல மனிதரா என்று நினைத்து, "வரேன்," என்றேன்.

கதவு திறந்தது. இறங்கியவர் திரும்பினார். "ஆனா எதிர் டீமு ஆளுங்க பக்கம் உக்காருங்க, ஆங்? அவங்களுக்கு நல்லா கைதட்டுங்க."

அல்சூர் நிலையத்து வாசலில் தமட்டைப் பறை அடித்துக்கொண்டு பத்துப் பதினைந்து பேர். இந்த முறை உண்மையாகவே எனக்காகத்தான். முப்பது வருஷமாக மின்னலுக்குக் கத்தியவனை ஒருவரும் தூக்கியதில்லை. இன்று கத்தாததற்காகத் தோளில் தூக்கினார்கள். ஹார்டுவேர் கடைக்காரர் நனைந்த சட்டையோடு ஆடிக்கொண்டிருந்தார், கிரிக்கெட் என்ற சொல்லையே மறந்தவராக. இறக்கி விட்டதும் செல்வராஜ் என் சட்டைப் பையில் ஒன்றைச் செருகினான். மெட்ரோ கார்டு.

"அடுத்த சீசன் முழுக்க ரீசார்ஜ் பண்ணிருக்கோம் மச்சி. பீன்யா போய் வர."

வீட்டுக்குப் போனேன். கொத்தமல்லி எங்கே என்று சுமதி கேட்டாள். பதிலுக்குக் கார்டைக் காட்டி, விஷயத்தைச் சொன்னேன். அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அப்போ மேட்ச் இருக்கிற ஞாயித்துக்கெழமையெல்லாம் நீங்க வீட்ல இருக்க மாட்டீங்க?"

"மாட்டேன்."

செல்வராஜ் முகத்திலும், ஹார்டுவேர் கடைக்காரர் முகத்திலும், முனிராஜு முகத்திலும் அன்று பார்த்த அதே நிம்மதி அவள் முகத்திலும் பரவியது. கார்டைப் பத்திரமாகச் சாமி படத்துக்குப் பின்னால் வைத்தாள்.