வில்லை இணைக்கப்படவில்லை

நாயின் உரிமம் ஒருவர் பெயரிலிருந்து இன்னொருவர் பெயருக்கு மாற வேண்டுமானால், இருவரும் ஒரே விண்ணப்பத்தில் கையெழுத்திட்டு, நாயின் கழுத்தில் கிடக்கும் பித்தளை வில்லையைக் கழற்றி அதோடு இணைத்துக் கொடுக்க வேண்டும். திருவனந்தபுரத்தில் நான் அரசு குமாஸ்தாவாக இருந்த காலத்தில் எனக்குத் தெரிந்த விதி இதுதான். நாய் யாரை விரும்புகிறது என்று எழுத அந்தப் படிவத்தில் இடம் கிடையாது. இருந்திருந்தால் நான் முதல் வருடமே தோற்றிருப்பேன்.

நடந்தது 1956-இல். சாலைக் கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு சந்தில் நானும் என் மனைவியும், என் தம்பியும் அவன் மனைவியும் ஒரே வீட்டில் குடியிருந்தோம். பூர்வீகம் நாஞ்சில் நாடு. எனக்கு ஃபைல் பார்க்கும் வேலை. தம்பி சர்வேயர், காலையில் அளவுச் சங்கிலியை சைக்கிளில் தொங்கவிட்டுக்கொண்டு போனால், மாலையில் செம்மண் பூசிய காலோடு திரும்புவான்.

நாயைக் கொண்டுவந்தவன் நான். இதைப் பதிவு செய்துவிடுகிறேன். 1947-இல் ஆபீஸ் வேலையாக வித்துராவுக்குப் போனபோது, ஒரு எஸ்டேட் காவல்காரர் கொடுத்த குட்டியைத் துணிப்பையில் வைத்து, பஸ்ஸில் மடியிலேயே தூக்கி வந்தேன். வழியெல்லாம் என் வேட்டியை நனைத்தது. சீசர் என்று பெயர் வைத்ததும் நான், உரிமம் எடுத்ததும் நான், இரண்டு வேளையும் சோறு போட்டதும் நான்.

ஆனால் சீசர் என்று கூப்பிட்டால் அது திரும்பியே பார்க்காது. தம்பி அதை எங்கள் ஊர் வழக்கப்படி செல்லமாக 'மக்கா' என்றுதான் கூப்பிடுவான். தெருமுனையில் அந்தச் சங்கிலி கலகலவென்று கேட்டதும் எழுந்து ஓடி, அவன் சைக்கிளை விட்டு இறங்குவதற்குள் முழங்கால் வரை நக்கித் தீர்த்துவிடும். நான் ஆபீஸ் விட்டு வரும்போது ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொள்ளும். எங்கள் ஆபீஸ் பாஷையில் சொன்னால், என் வருகை அதற்குத் தகவலுக்காக மட்டும், நடவடிக்கை தேவையில்லை.

இதை ஒன்பது வருடம் பொறுத்துக்கொண்டேன். சிரித்தபடியேதான் பொறுத்துக்கொண்டேன். உள்ளே எரிந்தது.

அந்த வருடம் மாநிலங்களைப் பிரித்தார்கள். எங்கள் நாஞ்சில் நாடு உள்ளிட்ட தெற்குத் தாலுகாக்களும் செங்கோட்டையும் சென்னை ராஜ்யத்துக்குப் போவதாயிற்று. அரசு ஊழியர்களை எந்தப் பக்கம் வேண்டும் என்று எழுதிக் கொடுக்கச் சொன்னபோது, தம்பி செங்கோட்டையைக் கேட்டான். அவன் மனைவியின் ஊர் அது. ஓணம் முடிந்த வாரம் புறப்பட உத்தரவு வந்தது.

அன்று மாலை வாசற்படியில் உட்கார்ந்து, நாயின் காதைச் சொறிந்துகொண்டே கேட்டான்.

“அண்ணே, இவனையும் கொண்டு போகட்டா?”

கேட்பான் என்று எனக்குத் தெரியும். பதிலைத் தயாராக வைத்திருந்தேன்.

“கொண்டு போலாம். ஆனா உரிமம் எம் பேர்ல. நீ போற ஊரு நாளைக்கு வேற ராஜ்யம். இங்கத்த உரிமம் அங்க செல்லுமா, செல்லாதா? எழுதிக் கேக்கணும்லா?”

“அப்படியும் உண்டா?”

“பதில் வரட்டும். அதுவரைக்கும் இங்க கெடக்கட்டு.”

“செரிண்ணே. உங்களுக்குத் தெரியாததா?” என்றான்.

உள்ளேயிருந்து என் மனைவி குரல் கொடுத்தாள். “நாயிக்கும் ஃபைல் தெறந்தாச்சா? இனி அது வாலாட்டணும்னாலும் மேலிடத்துல உத்தரவு வாங்கணும்!”

மறுநாளே, இருவரும் கையெழுத்திட்ட பெயர் மாற்ற விண்ணப்பத்தில் இந்தக் கேள்வியையும் எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கேள்வி பொய்யில்லை, அப்படி ஒரு சந்தேகம் யாருக்கும் வரலாம். ஆனால் வில்லையை நான் இணைக்கவில்லை. மறந்து போகவில்லை. இணைப்பு இல்லாத விண்ணப்பம் எந்த அடுக்கில் போய் உட்காரும், எவ்வளவு காலம் உட்காரும் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். நானே பலருடைய காகிதங்களை அப்படி உட்கார வைத்தவன்தான்.

தம்பி புறப்பட்ட அன்று நாயை என் கையாலேயே ஜன்னல் கம்பியில் கட்டினேன். சாமான்கள் வண்டியில் ஏறின. அவன் அதன் முன்னால் குந்தி உட்கார்ந்து, கழுத்துப் பட்டையைச் சரி செய்துவிட்டு, “மக்கா, அண்ணனைப் பாத்துக்கிடணும், என்ன? காகிதம் வந்ததும் நான் வந்து கூட்டிட்டுப் போறேன்” என்றான். என்னைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு நாய்க்கு! எனக்கு வந்த கோபத்தில், வண்டி தெருவைத் தாண்டும் வரை நான் கையைக்கூட அசைக்கவில்லை. நாய் மட்டும் கயிற்றின் முழு நீளத்துக்கும் முன்னால் போய், கழுத்து இறுக, சத்தமில்லாமல் நின்றது.

இனி அது எனக்குத்தான் என்று நினைத்தேன்.

கட்டை அவிழ்த்ததும் தம்பியின் சைக்கிள் வழக்கமாக நின்ற இடத்தில் போய்ப் படுத்தது. சாப்பிட வரவில்லை. சாலைக் கடைத்தெருவிலிருந்து நெத்திலி வாங்கி வந்து வறுத்துப் போடச் சொன்னேன். முகர்ந்து பார்த்து, மரியாதைக்கு ஒன்றைத் தின்றது. ஒரு நாள், யாரும் பார்க்கவில்லை என்று நிச்சயம் செய்துகொண்டு, “மக்கா” என்று கூப்பிட்டுப் பார்த்தேன். தலையைத் தூக்கியது. என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று பார்த்தது.

அதோடு விட்டிருக்கலாம். சாமான் அறையில் பழைய ஊஞ்சல் சங்கிலி ஒன்று கிடந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை அதை எடுத்துக்கொண்டு தெருமுனைக்குப் போய், வீட்டைப் பார்த்துக் குலுக்கிக்கொண்டே வந்தேன். நாற்பத்தைந்து வயது, நெற்றியில் திருநீறு, தோளில் துண்டு, கையில் ஊஞ்சல் சங்கிலி. நாய் ஓடி வந்தது. பின்னங்கால்கள் தடுமாற, ஓட முடியாமல் ஓடி வந்தது. ஒன்பது வருடத்தில் முதல் தடவையாக என்னை நோக்கி ஓடி வந்தது. பக்கத்தில் வந்து என் காலை முகர்ந்தது. செம்மண் இல்லை. அப்படியே தெருவில் உட்கார்ந்துவிட்டது. பிறகு நான்தான் அதைத் தூக்கிக்கொண்டு வந்தேன். வித்துராவிலிருந்து வந்த நாளுக்குப் பிறகு அன்றைக்குத்தான் அது என் கையில் இருந்தது.

வாசலில் நின்ற என் மனைவி சங்கிலியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். “அது காகிதத்துக்கா காத்துக் கெடக்கு? ஆளுக்குல்லா காத்துக் கெடக்கு” என்றாள். கேலி செய்யவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

மறுநாள் வந்த மிருக டாக்டர் மலையாளி. எங்கள் தெருவில் பழகிய தமிழில், “சீக்கு ஒந்நும் இல்லா சாரே. வயசு ஆயி. இனி கொறச்சு நாள்தான். அதுக்கு இஷ்டம் உள்ள ஆள் யாருண்டோ, வரச் சொல்லுங்கோ” என்றார். நான் பக்கத்தில்தான் நின்றேன். இஷ்டமுள்ள ஆள் நானில்லை என்று அவருக்குக்கூடத் தெரிந்திருந்தது.

தந்தி ஆபீஸுக்கு நடந்தேன். ‘நாய் மோசம். உடனே வா.’ கோப்பு எண், மேற்கோள் எதுவும் இல்லாமல் நான் எழுதிய ஒரே காகிதம் அதுதான்.

இரண்டாம் நாள் மதியம் தம்பி ரயிலில் வந்து இறங்கினான். சங்கிலியில்லை, சைக்கிளில்லை. தெருமுனையில் செருப்புச் சத்தம் கேட்டதும், அதுவரை தலையைத் தூக்காத நாய் எழுந்து நின்றது. நாலு கால்களும் நடுங்கின, ஆனாலும் நின்றது. அவன் மடியில் தலையை வைத்து, அவன் கையிலிருந்து கொஞ்சம் கஞ்சி குடித்தது. மறுநாள் காலை வெயில் ஏறுவதற்குள் அதே மடியில் அடங்கிவிட்டது. கொல்லையில் பலாமரத்தடியில் தம்பி குழி வெட்டினான். அளவு பிசகாத குழி, சர்வேயர் அல்லவா.

மண்ணை மூடிய பிறகு, கழுத்துப் பட்டையை என்னிடம் நீட்டினான். வில்லை அதில் தொங்கியது.

“உங்க பேர்ல உள்ளதுல்லா. நீங்க வச்சுக்கிடுங்க.”

பட்டையை வாங்காமலே சொன்னேன். “லேய், வில்லையை நான் விண்ணப்பத்துல வைக்கல. தெரிஞ்சேதான் வைக்கல.”

“தெரியும்ணே. நான் போற அன்னைக்கு அது அவன் கழுத்துலதானே கெடந்தது? பட்டையைச் சரி பண்ணும்போ பாத்தேன்.”

“பின்னே ஏன் கேக்கல?”

கையிலிருந்த மண்ணைத் தட்டிக்கொண்டே, “உங்களுக்கும் அவன் வேணும்லா” என்றான்.

ஒன்பது வருடமாக நாயிடம் நான் கேட்டுக்கொண்டிருந்த கேள்விக்கு அன்றைக்கு விடை கிடைத்தது. அது ஏன் அவனிடம் ஓடியது என்று புரிந்தது. நானாக இருந்தாலும் அவனிடம்தான் ஓடியிருப்பேன். அதிலும் எனக்குக் கொஞ்சம் பொறாமை வந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை.

அதன் பிறகு உத்தியோகத்தில் இருந்தவரை, இணைப்பு இல்லை என்ற காரணத்துக்காக எந்தக் காகிதத்தையும் நான் அடுக்கில் உட்கார வைக்கவில்லை. ஆளைக் கூப்பிட்டுச் சொல்லிவிடுவேன். ஓய்வு பெற்று இத்தனை வருடமாகியும் அந்த வில்லை என் மேஜை இழுப்பறையில் இருக்கிறது. அதன் கீழே மடித்து வைத்திருப்பது, நாயைப் புதைத்த பிறகு என் விண்ணப்பத்துக்கு வந்த பதில். நாயை வெளியூர் கொண்டுபோக எந்த அனுமதியும் தேவையில்லை என்றும், பெயர் மாற்றத்துக்கு மட்டும் விடுபட்ட வில்லையுடனும் நாயுடனும் நேரில் வரவும் என்றும் அதில் எழுதியிருக்கிறது. கிடைத்த தேதியை வழக்கப்படி ஓரத்தில் குறித்திருக்கிறேன்: 1956 நவம்பர் 5, திங்கட்கிழமை.