ஒரு சொட்டும் குடிக்காத விதானையார்

தந்தியை என் கையாலேயே எழுதினேன். ஊர்காவற்றுறைத் தபாற்கந்தோரில் இருந்து தொலைபேசியில் ஒவ்வொரு சொல்லாக வாசிக்க, இறுப்பிட்டி உபதபாற்கந்தோரில், தபாலதிபரான என் மேசையில் இருந்து நான் எழுதிக்கொண்டேன். "நாகேந்திரம் தலைச் சத்திரசிகிச்சைக்குப் பின் இன்று காலை காலமானார்." எழுதி முடித்தபோது எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. இன்று முப்பத்தோராம் நாள். அந்தியேட்டிக் கிரியைக்கு அச்சிடும் நினைவு மலரில் தேவாரங்களுக்குப் பின்னால் எனக்கு இரண்டு பக்கம் தந்திருக்கிறார்கள். கோபம் இன்னும் ஆறவில்லை. வாசிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அவர் எங்கள் பகுதிக் கிராம சேவகர், ஊரார் வாயில் விதானையார். தாய் தகப்பன் போன பிறகு தங்கை பவளராணியை வளர்த்து, அவருக்கு ஒரு வழி பிறக்கும்வரை தாம் கலியாணம் செய்வதில்லை என்று நாற்பத்திரண்டு வயதுவரை இருந்தவர். கள்ளத்தனமாகக் கசிப்புச் சாராயம் காய்ச்சுகிறவர்களுக்கு யமன். பனைமரத்தின் கீழ் நின்று பால் குடித்தாலும் கள் என்பார்கள் என்று சொல்லி, பனங்கூடலுக்குள் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டார். அவருடைய கந்தோரும் என்னுடையதும் ஒரே சுவருக்கு இரண்டு பக்கம். பதினான்கு வருடம் அப்படி இருந்தோம்.

போன வருடம் ஆடி மாதத்தில் தலையிடி தொடங்கியது. விடியப்புறம் எழும்பியதும் தலை பிளக்கும், வயிற்றைப் புரட்டிச் சத்தி வரும். பிறகு இடது கால் இழுத்தது. பார்ப்பதெல்லாம் இரண்டாகத் தெரிய, ஒரு கண்ணை மூடிக்கொண்டு கதைக்கத் தொடங்கினார். சங்கக்கடையில் ஒரு பெண்பிள்ளை, "விதானையார் கண்ணடிக்கிறார்" என்று முறைப்பாடு சொன்னது இதனால்தான். காலையில் சத்தி, நடையில் தள்ளாட்டம், பேச்சில் குழறல். ஊர் கூடி யோசித்து ஒரு முடிவுக்கு வந்தது: விதானையார் குடிக்கிறார்.

ஐப்பசியில் வற்புறுத்திக் கொழும்புக்குக் கூட்டிக்கொண்டு போனேன். போகும் வழியில் பண்ணைப் பாலத்தடியில் ஆமிக்காரர் எல்லோரையும் இறக்கி நடக்கவிட்டார்கள். இவர் ஆடியாடி நடந்தார். ஒரு சிப்பாய் மறித்து, இவருடைய வாய்க்குக் கிட்ட மூக்கைக் கொண்டுபோய் மணந்து பார்த்தான். பிறகு தலையைச் சொறிந்துகொண்டு போகச் சொன்னான். எங்கள் ஊரில் ஒருவருக்கும் வராத யோசனை, தமிழ் தெரியாத அந்தப் பொடியனுக்கு வந்தது.

கொழும்பில் தலையைப் படம் பிடித்தார்கள். உள்ளே கட்டி. திறந்து எடுக்க வேண்டும், தை மாதம் வாருங்கள் என்றார் டொக்டர். வீக்கம் வற்றக் குளிசை கொடுத்தார். ரயிலில் திரும்பும்போது இவர் என்னிடம் கேட்ட முதல் விஷயம் இது:

"ஐசே, இதை ஒருத்தருக்கும் சொல்லப்படாது. சத்தியம் பண்ணும்."

"ஏன் காணும்? ஊர் உம்மைக் குடிகாரன் எண்டெல்லோ சொல்லுது?"

"சொல்லட்டும். குடிகாரன்ரை தங்கச்சியைக் கட்டுவினம். தலைக்குள்ள பிழையெண்டு சொன்னா, சனம் பரம்பரை விசர் எண்டுதான் விளங்கும். பிறகு ஒருத்தனும் எங்கடை படலையைத் திறக்கமாட்டான். அவளுக்கு இப்பதான் ஒண்டு பொருந்தி வருது."

சத்தியம் பண்ணினேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

கலியாணமும் தை மாதத்திலேயே வந்தது. இவர் என்ன செய்தார்? சத்திரசிகிச்சையை மாசிக்குத் தள்ளினார். நான் கத்தினேன். "கலியாணத்தைத் தள்ள ஏலாது, கட்டியைத் தள்ள ஏலும்" என்றார். கட்டி இவருடைய கந்தோருக்கு வந்த விண்ணப்பம் என்ற நினைப்பு!

அந்த நான்கு மாதமும் நான் பட்ட பாடு கொஞ்சமில்லை. குளிசை முகத்தை ஊதவைத்தது. "குடி வீக்கம்" என்றது ஊர். ஓயாத பசி, நித்திரை இல்லை, கை நடுக்கம். ஒவ்வொரு நாளும் பத்து மணிக்கு என் மேசைக்கு முன்னால் கதிரையைப் போட்டு இருப்பார். பழைய படிவத்தின் பின்பக்கத்தில் கையெழுத்து வைத்து, நேற்றையதோடு ஒப்பிட்டுப் பார்ப்பார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, கடற்கரைப் பக்கம் இருந்து தொடங்கி, எங்கள் ஒழுங்கையின் வீட்டுக்காரர் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லுவார். முப்பத்தொரு பெயர். நான் சரி பார்க்க வேண்டும். ஒரு பெயர் தடக்கினால் சேட்டு நனைய வேர்த்துவிடும்.

"சாகப் பயமில்லை ஐசே," என்றார் ஒருநாள். "எழும்பி ஒருத்தரையும் தெரியாமக் கிடந்தா? ஆளைத் தெரியாத விதானையை வைச்சு என்ன செய்யிறது?"

எனக்கு ஆறுதல் சொல்ல வராது. "முதல்லயிருந்து திரும்பச் சொல்லும்," என்றேன். சொன்னார்.

கலியாணத்தன்று இவருக்குப் பதிலாகப் பெரியப்பா முறையான ஒருவர் தாரை வார்த்தார். இவர் பந்தல் காலைப் பிடித்தபடி நின்றார். விட்டால் விழுந்துவிடுவார். மாப்பிள்ளை பகுதியார் தங்களுக்குள் சிரித்தார்கள். பவளராணி கும்பிட வந்தபோது, என் காதுக்கும் கேட்கத்தான் சொன்னார்:

"இண்டைக்கு ஒரு நாளாவது குடிக்காமல் நிண்டிருக்கலாம் அண்ணை."

"ஓம் பிள்ளை, பிழைதான்," என்றார் இவர்.

நான் வாயைத் திறந்தேன். இவர் என் காலை மிதித்தார். திறந்த வாயை மூடிக்கொண்டேன். அதற்குப் பிறகு தங்கை இவரோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை.

மாசியில், கந்தோரால் பயிற்சி வகுப்பு என்று வீட்டில் பொய் சொல்லிவிட்டுப் புறப்பட்டார். பஸ் வருமுன் என் மேசைக்கு முன்னால் இருந்து கடைசியாகப் பெயர்களைச் சொன்னார். முப்பத்தொன்றும் தடக்காமல் வந்தன. ஒழுங்கையில் இருப்பது முப்பத்திரண்டு வீடு. உம்முடைய வீட்டை ஏன் எப்போதும் விடுகிறீர் என்று கேட்டேன்.

"அது சீதனமா எழுதியாச்சு. இனி அவளின்ரை வீடு. திரும்பி வந்து நானே அவளுக்கு எல்லாம் சொல்லுறன். அதுவரைக்கும் வாயைத் திறவாதையும்."

பிந்தியதால்தான் உயிர் போனதோ, எனக்குத் தெரியாது. பிறகு கேட்டபோது டொக்டரும் சொல்லவில்லை.

தந்தியைக் கொண்டு அந்த வீட்டுக்குப் போனேன். "என்ன ஒப்பரேசன்? ஈரலோ?" என்று கேட்டார் பவளராணி. எல்லாவற்றையும் சொன்னேன். அவருடைய கணவர் எழும்பி நின்றார். "தலையில கட்டியெண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா, கலியாணத்தைப் பின்னுக்கு வைச்சிட்டு நானே கூட்டிக்கொண்டு போயிருப்பனே," என்றார். பாருங்கள், யாருக்குப் பயந்து இவ்வளவும் செய்தாரோ அந்த மனிதர் சொன்னது இது!

"அண்ணைக்கு எத்தினை தரம் சோறு போட்டனான், பக்கத்தில நிண்டனான்," என்றார் பவளராணி. "ஒருக்கால் வாயை மணந்து பாத்திருக்கலாமே நான்."

ஐசே நாகேந்திரம், வாக்கை மீறிவிட்டேன். கோவிக்க வேண்டுமென்றால் கோவியும். நானும் உம்மோடு கோபம்தான், அது கிடக்கட்டும். நீர் ஒரு சொட்டும் குடிக்கவில்லை என்பதை உம்முடைய பெயருக்குக் கீழே அச்சில் போட்டாயிற்று. இந்த மலரைத் தபாற்காரரிடம் கொடுக்கமாட்டேன், ஒழுங்கை முழுவதும் நானே கொண்டுபோவேன். கடற்கரைப் பக்கத்தில் இருந்து நீர் சொன்ன வரிசைப்படியே முப்பத்தொரு வீடும் போவேன். ஆனால் நீர் சொல்லாமல் விட்ட வீட்டில் முதலில் கொடுத்துவிட்டுத்தான் தொடங்குவேன்.