வைக்கோல் மிஷின் வந்த வருஷம்

அறுப்பு மிஷின் வந்த பிறகு எங்கள் பக்கத்தில் வைக்கோலை யாரும் மதிப்பதில்லை. நெல்லை மட்டும் கொட்டிவிட்டு மிஷின் போய்விடும். வைக்கோல் வயல் முழுக்கச் சிதறிக் கிடக்கும். வாரிக் கட்ட ஆள் கிடைக்காது. அடுத்த நடவுக்கு நேரமாகிறதென்று கொளுத்திவிடுவார்கள். உத்திரமேரூரில் மாடு வைத்திருப்பவர்களோ அதே வைக்கோலுக்கு அலைந்துகொண்டிருப்பார்கள். இரண்டையும் சேர்த்து யோசித்தது என் நாத்தனார்தான். என் வீட்டுக்காரரின் தங்கை. அடுத்த தெருவில்தான் அவளைக் கொடுத்திருந்தது.

ஒருநாள் செல்போனைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள்.

"அண்ணி, இதப் பாருங்க! வைக்கோல சுருட்டி சுருட்டி முட்ட போடுது!"

டிராக்டருக்குப் பின்னால் ஒரு மிஷின். வைக்கோலை வாரி விழுங்கி, கயிறு சுற்றி, உருட்டி உருட்டிக் கீழே தள்ளிக்கொண்டே போனது. நானும் வாயைப் பிளந்துவிட்டேன்.

"நம்மால வாங்க முடியுமா?"

"கவர்மெண்ட்டு மானியம் கீதாம் அண்ணி. கேட்டா இன்னா, அடிச்சா துரத்துவாங்க?"

மறுநாளே வேளாண் பொறியியல் துறை ஆபீசுக்குப் போனோம். அங்கிருந்த உதவிப் பொறியாளர் எங்களை உட்கார வைத்து நிதானமாகச் சொன்னார். பெண்கள் பேரில் கேட்டால் மானியம் கொஞ்சம் கூடுதலாகக் கிடைக்குமாம். மீதிக்கு பேங்கில் லோன் கேட்கலாமாம். "ஆனா வரிசைப்படிதாம்மா வரும். கொஞ்சம் பொறுக்கணும்" என்றார். பொறுத்தோம். அடுத்த அறுவடையும் வந்து போனது. ஒருநாள் அவரே போன் செய்து, "உங்களுக்கு சாங்ஷன் ஆயிடுச்சு" என்றார். அடுப்பில் சோறு வெந்துகொண்டிருந்தது. அப்படியே விட்டுவிட்டு நாத்தனார் வீட்டுக்கு ஓடினேன்.

பேங்கில் மேனேஜர் ஒரே கேள்விதான் கேட்டார்.

"வண்டிய யாரும்மா ஓட்டுவாங்க?"

என் வீட்டுக்காரர் பகலில் கம்பெனி வேலைக்குப் போய்விடுவார். ஆள் வைத்துக்கொள்வோம் என்று சொல்ல நான் வாயெடுப்பதற்குள் இவள், "நாங்கதான் சார் ஓட்டுவோம்" என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வீட்டில் டிராக்டர் இருந்ததே தவிர, நாங்கள் இரண்டு பேரும் அதன் சீட்டில் உட்கார்ந்ததுகூடக் கிடையாது.

வெளியே வந்ததும் அவள் கையைப் பிடித்து நிறுத்தினேன். "இன்னாடி இப்பிடி சொல்லிட்ட?"

"கத்துக்கினா போச்சு அண்ணி!"

கற்றுக்கொண்டோம். ஞாயிற்றுக்கிழமைகளில் காய்ந்து கிடந்த எங்கள் நிலத்தில் என் வீட்டுக்காரர் பக்கத்திலேயே ஓடிவந்து, "கிளட்ச்ச மெதுவா வுடு, மெதுவா!" என்று தொண்டை கிழியக் கத்துவார். வண்டி தவளை மாதிரி குதிக்கும். ஒருநாள் அது குதிக்காமல் வழுக்கிக்கொண்டு போனபோது, இந்த வயதில் எனக்கு விசிலடிக்கத் தோன்றியது. ஊரில் சிரித்தவர்களும் உண்டு. லைசென்ஸ் எடுத்ததும் சிரிப்பு அடங்கிவிட்டது.

லோன் கிடைத்து மிஷினும் வந்து சேர்ந்தது. முதல் வேலை பக்கத்து ஊரில். நான் ஓட்டினேன். கயிறு சரியாகச் சுற்றுகிறதா என்று பார்த்தபடி அவள் தள்ளி நடந்து வந்தாள். மிஷின் வேலை செய்வதைப் பார்த்துப் படமெடுத்துக்கொண்டு போக பொறியாளரும் வந்திருந்தார். வரப்பில் ஒரே கூட்டம். வைக்கோல் நிறைந்ததும் மிஷினில் மணி அடிக்கும் என்று சொல்லியிருந்தார்கள். அது அடித்ததும் வண்டியை நிறுத்தினேன். கயிறு சுற்றி முடித்து பின்பக்கம் திறந்ததும், உருண்டையாக ஒரு கட்டு பொத்தென்று விழுந்தது.

"வுழுந்திருச்சி அண்ணி! வுழுந்திருச்சி!" என்று அவள் குதித்தாள். வரப்பில் இருந்தவர்களும் கத்தினார்கள்.

பாதி வயல் முடிவதற்குள் மேற்கே கறுத்துவிட்டது. நனைந்தால் அத்தனையும் அழுகிப்போகும். வயல்காரர் வானத்தையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்தார். நான் வண்டியை நிறுத்தவேயில்லை. மணி அடிக்கும்போது மட்டும்தான் நின்றேன். திரும்பிப் பார்த்தால், பொறியாளர் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, பேண்ட்டை மடித்துக்கொண்டு, ஊர்க்காரர்களோடு சேர்ந்து கட்டுகளை வயல்காரரின் டிரெய்லருக்கு உருட்டிக்கொண்டிருந்தார். நாத்தனார் மேலே நின்று அடுக்கினாள். கடைசிக் கட்டை ஏற்றித் தார்ப்பாயை இழுத்து மூடியபோது பெரிய பெரிய துளியாக மழை கொட்டியது. ஒரு கட்டுகூட நனையவில்லை.

எல்லோரும் மழையிலேயே நின்று சிரித்தோம். வேடிக்கை பார்க்க வந்த மாட்டுக்காரர் ஒருவர் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு கிட்டே வந்தார்.

"எங்க ஊர்லயும் அறுத்துப் போட்டுக் கெடக்குது. மழ வுட்டு காஞ்சதும் வருவீங்களாம்மா? கட்டெல்லாம் நானே எடுத்துக்கிறேன்."

நாத்தனார் என்னைப் பார்த்தாள். இந்தத் தடவை நான் முந்திக்கொண்டேன்.

"வரோம் நைனா. வழிய மட்டும் சொல்லுங்க."